பம்ப் இல்லாமல் சுவாவுக்கு

கரும்புக் கொல்லையில் தீ வைத்தால் எங்கள் வீட்டில் முதலில் தெரிந்துகொள்வது என் நெஞ்சுதான். புகை கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே தொண்டைக்குள் ஒரு அரிப்பு வரும். பிறகு முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு இழுப்பு. நாங்கள் குடியிருந்தது தென்கடல் தீவு ஒன்றில், பினாங்கு என்று பெயர் வைத்த சர்க்கரை மில்லுக்குப் பக்கத்தில். வெட்டு நடக்கும் ஆறு மாதமும் மில் புகைபோக்கியிலிருந்து சக்கைத் தூள் பறந்து வந்து கொடியில் காயும் துணியில் ஒட்டும். ஆஸ்துமாக்காரி அங்கே குடித்தனம் நடத்துவது கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொள்கிற வேலைதான். ஆனால் என் கணவருக்கு அந்த மில்லில்தான் ஃபிட்டர் வேலை. வேலை இருக்கிற இடத்தில்தானே வீடு.

என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது, ஆஸ்துமா மருந்தை வாய்க்குள் அடிக்கிற ஒரு நீல நிற பம்ப். ரவிக்கைக்குள்ளேயே கிடக்கும். தாலி பாதி நேரம் எங்கே தொங்குகிறது என்று எனக்குத் தெரியாது, பம்ப் எங்கே இருக்கிறது என்று எப்போதும் தெரியும். இதை ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னதற்கு என் கணவர் இரண்டு நாள் பேசவில்லை.

எண்பத்தேழாம் வருடம் அது. மே மாதம் ராணுவம், இந்திய வம்சத்தார் கை ஓங்கக் கூடாது என்று, ஆட்சியைப் பிடித்தது. போதாதென்று செப்டம்பரில் மறுபடியும் பிடித்தது. அதற்குப் பிறகு எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்பதை விட்டுவிட்டார்கள். பேபர் வந்துச்சா என்றுதான் கேட்டார்கள், வெளிநாட்டில் குடியேறுகிற பேபர். ஆக்லாந்து, சிட்னி, வான்கூவர் என்று பெயர்களைச் சொல்லும்போது பக்கத்து ஊர்ச் சந்தையைச் சொல்வது போலச் சொல்வார்கள். எங்களுக்கு வான்கூவர். என் கணவரின் அண்ணன் அங்கே இருந்தார், அவர்தான் ஸ்பான்சர். நவம்பர் மாதம் எங்களுக்கும் பேபர் வந்தது. திங்கட்கிழமை காலை தலைநகர் சுவாவில் ஒரு டாக்டரிடம் மூன்று பேரும் மருத்துவச் சோதனைக்குப் போக வேண்டும். என் கணவர், நான், எட்டு வயது மகள்.

பேபர் வந்த மறுநாளே மில்லில் ஒரு கூட்டாளி அவர் காதில் ஓதிவிட்டான். நெஞ்சில் சத்தம் கேட்டால் மொத்தக் குடும்பத்தையும் தள்ளிவிடுவார்களாம். அதோடு விடவில்லை. மூத்திரப் பரிசோதனை உண்டாம், பம்ப் மருந்து மூன்று நாள் மூத்திரத்தில் நிற்குமாம், எடுத்துப் பார்த்தால் ஆஸ்துமா என்று எழுதியே வந்துவிடுமாம்.

"மூணு நாளு பம்ப் அடிக்காத," என்றார் வீட்டுக்கு வந்ததும். "அப்பறம் கனடா போயி எவ்ளோ வேணாலும் அடிச்சுக்க."

"மூணு நாள்ல நான் போய்ச் சேந்துட்டா?"

"அபசகுனமா பேசாத."

அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நானும் நம்பினேன். எங்கள் ஜனங்களுக்கு டாக்டர் என்றால் வைத்தியம் பார்ப்பவர் என்பது இரண்டாவது. முதலில் அவர் பாஸ், ஃபெயில் போடுபவர். மதராஸ் டிப்போவில் கரும்புக் கூலிகளாகக் கப்பல் ஏற்றும் முன் எங்கள் பாட்டன்மார் நெஞ்சைத் தட்டிப் பார்த்த டாக்டரின் பயம் நாலு தலைமுறையாக எங்கள் ரத்தத்தில் ஓடுகிறது. இருமலை விழுங்கிக்கொண்டு நின்று கப்பலேறியவர்களின் கதை எல்லா வீட்டிலும் உண்டு. ஆகவே வெள்ளிக்கிழமை காலை பம்ப்பை நானே எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதை வீட்டுத் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை சோதனைக்கு ஞாயிறு கிளம்பினால் போதும் என்று நினைப்பீர்கள். அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஓடாது. கடை திறக்காது, டாக்சி கிடையாது, ரோட்டில் வண்டி போனால் ராணுவம் நிறுத்தும். கடவுளுக்கு ஓய்வு நாள் என்று உத்தரவு. ஆகவே சனிக்கிழமையே கிளம்பினோம். சுவாவில் என் தங்கை ஒரு தையல் கடையில் வேலை பார்த்துக்கொண்டு தனியாக ஒரு அறையில் இருந்தாள். கல்யாணம் ஆகவில்லை. இரண்டு நாள் அவள் அறையில் தங்குவது என்று ஏற்பாடு.

எங்கள் ஊர் பஸ்களுக்கு ஜன்னல் கண்ணாடி கிடையாது. பக்கவாட்டில் தார்ப்பாய் சுருட்டிக் கட்டியிருக்கும். மழை வந்தாலோ புழுதி வந்தாலோ இறக்கிவிட வேண்டும். ராக்கிராக்கி தாண்டி நாலு மைல் போவதற்குள் ரோட்டோரமாக ஒரு கொல்லை எரிந்துகொண்டிருந்தது. அந்த வருடம் வெட்டு தாமதமாகத் தொடங்கியதால் எல்லோரும் அவசரம் அவசரமாகக் கொளுத்தினார்கள். யார் கொளுத்தியது, யாருடைய கொல்லையை எதற்காகக் கொளுத்தியது என்று கேட்கிற காலமும் இல்லை. கரித்துகள் பஸ்ஸுக்குள் பறந்து வந்து என் மகளின் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்தது. நான் ஈரக் கைக்குட்டையை மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டேன். கை தானாக ரவிக்கைக்குள் போனது. ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு கரும்பு முடிந்து மலை வந்தது. தார் முடிந்து கல் ரோடு வந்தது. முன்னால் போன லாரி கிளப்பிய புழுதியில் எங்கள் டிரைவருக்கு ரோடே தெரியவில்லை. தார்ப்பாயை இறக்கு என்று பின்னாலிருந்து சத்தம் போட்டார்கள். இறக்கினார்கள். இறக்கிய உடனே உள்ளே சுருட்டுப் புகை, மண்ணெண்ணெய் டின், யாரோ தலையில் தேய்த்திருந்த தேங்காயெண்ணெய், கருவாட்டு மூட்டை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து என் மேல் ஏறி உட்கார்ந்தன. தூக்கினால் புழுதி, இறக்கினால் நாற்றம். நான் என் பக்கத்துத் தார்ப்பாயைத் தூக்குவதும் மற்றவர்கள் இறக்குவதுமாக ஒரு சண்டையே நடந்தது. யாரைப் பார்த்து என்ன திட்டினேன் என்று நினைவில்லை. திட்டுவதற்கும் மூச்சு வேண்டும் என்பது மட்டும் அன்றைக்குப் புரிந்தது.

ஆஸ்துமா இல்லாதவர்கள் மூச்சை இழுக்க முடியவில்லை என்று நினைக்கிறார்கள். இழுக்க முடியும். விடத்தான் முடியாது. உள்ளே போனது வெளியே வராமல் நிற்கும், அதற்கு மேல் எங்கே இழுப்பது. முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, உதட்டைக் குவித்து, சுடுசோற்றை ஊதுகிற மாதிரி மெல்ல மெல்ல ஊதினேன். சின்ன வயதில் நானே கண்டுபிடித்துக்கொண்ட வழி அது. நாலு எண்ணும் வரை ஊத வேண்டும். நாலு எண்ண முடிந்தால் சமாளித்துவிடலாம். அந்த மலை ரோட்டில் இரண்டுக்கு மேல் எண்ண முடியவில்லை.

"மா, சாஸ் நை ஆவே?" என்றாள் மகள். மூச்சு வரவில்லையா என்று கேட்கிறாள். தமிழில் பேசினால் அவளுக்குப் பாதி புரியும், பதில் இந்தியில்தான் வரும். தலையை மட்டும் ஆட்டினேன்.

பாதி வழியில் ராணுவம் பஸ்ஸை நிறுத்தியது. எல்லோரும் இறங்கி வரிசையில் நின்று பையைத் திறந்து காட்ட வேண்டும். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. துப்பாக்கியோடு ஒருவன் உள்ளே ஏறி வந்து என்னைப் பார்த்தான். உடம்பு சரியில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டான். என் கணவர் பாய்ந்து வந்து, "நோ நோ, பஸ் ஒத்துக்காது, வாமிட், வாமிட்," என்றார். அந்தச் சிப்பாய் போய்ச் சுவா டாக்டரிடம் சொல்லிவிடுவான் என்று அவருக்குப் பயம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது சரிதான். நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவதைப் பார்த்தால் வாந்தியா இழுப்பா என்று குழந்தைக்குக் கூடத் தெரியும். அவன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நீ உட்காரம்மா என்பது போலக் கையைக் காட்டிவிட்டு இறங்கிப் போனான். அன்றைக்கு என்னிடம் இரக்கமாக நடந்துகொண்ட முதல் ஆள் துப்பாக்கி வைத்திருந்தவன். என் கணவர் மேல் எனக்கு வந்த வெறுப்பை இப்போதும் மறைக்க விரும்பவில்லை.

சுவாவில் மழை. எங்கள் தீவுக்கு இரண்டு பக்கம். காய்ந்த பக்கத்தில் புகையும் புழுதியும், ஈரப் பக்கத்தில் பூஞ்சணம். தங்கையின் அறைச் சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குப் பச்சையும் கறுப்புமாகப் பூத்திருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து தைத்த துணிகளின் பஞ்சு மூலையில் கிடந்தது. கொசுவத்தி புகைந்தது. அவள் என்னைப் பார்த்ததும் முதலில் செய்தது கொசுவத்தியை எடுத்து மழையில் வீசியது.

"பம்ப் எங்கக்கா?"

நான் என் கணவரைக் காட்டினேன். அவர் மூத்திரப் பரிசோதனைக் கதையைச் சொன்னார். அவள் அடுப்பைப் பற்ற வைத்துக் கறுப்புக் காப்பி போட்டாள். கெட்டியான காப்பி கொஞ்சம் இளக்கும். சனிக்கிழமையை அந்தக் காப்பியிலும், தலையணைகளை அடுக்கி அதன் மேல் குப்புறச் சாய்ந்தும் ஓட்டினேன்.

ஞாயிறு காலை எனக்கு உதடு நீலம் பாய்ந்துவிட்டது என்று தங்கை சொன்னாள். ரோட்டில் ஒரு வண்டி இல்லை. ஆஸ்பத்திரி இரண்டு மைல். நடக்கிற நிலைமையில் நான் இல்லை, தூக்கிக்கொண்டு போகலாம் என்றாள் தங்கை. என் கணவர் வேண்டாம் என்றார். ஆஸ்பத்திரியில் கார்டு போடுவார்கள், கார்டு போட்டால் நாளைக்கு டாக்டர் கைக்கு வந்துவிடும். அதைச் சொல்லும்போது அவர் அழுதுகொண்டிருந்தார். அவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மில்லில் அவரோடு வேலை பார்த்த மூன்று பேர் வீட்டில் அந்த மாதம் கல்லெறி நடந்திருந்தது. எங்கள் குடும்பம் அங்கிருந்து வெளியேறுவது என் நெஞ்சிலிருந்து ஒரு சத்தம் வருவதிலும் வராததிலும் தொங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்து அறையில் ஒரு காய்வீட்டிப் பெண் இருந்தாள், அதாவது இந்த மண்ணின் பூர்வகுடிக்காரி. மெல்லிய பலகைச் சுவர். என் இழுப்புச் சத்தம் அவளுக்குப் போயிருக்கிறது. கதவைத் தட்டி உள்ளே வந்தவள் கையில் என்னுடையதைப் போலவே ஒரு நீல பம்ப். அவளும் என் ஜாதிதான், ஆஸ்துமா ஜாதி.

"லேவ் பஹினி, கீச்சோ," என்றாள். இந்தா சகோதரி, இழு.

நான் தலையை ஆட்டி மறுத்தேன். பம்ப் என் முகத்துக்கு நேராக ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அந்த பிளாஸ்டிக் வாசனை கூட எனக்கு வந்தது. மறுத்தேன். அவளுக்கு ஒன்றுமே புரியவில்லை. அதை என் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு, இந்தக் கூட்டத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்கிற முகத்தோடு போனாள்.

என் தங்கைக்குக் கோபம் வந்து நான் அதிகம் பார்த்ததில்லை. அன்றைக்கு வந்தது.

"செத்துப் போனவளுக்கு யாரு மாமா விசா தருவாங்க?" என்று என் கணவரைப் பார்த்துக் கத்தினாள். பிறகு என் முன்னால் உட்கார்ந்தாள். என் மூக்கும் அவள் மூக்கும் ஒன்று. என் நெற்றியும் அவள் நெற்றியும் ஒன்று. பள்ளிக்கூடத்தில் எங்களைப் பெயர் மாற்றிக் கூப்பிடாத வாத்தியார் இல்லை. "அக்கா, நாளைக்கு உனக்குப் பதிலா நான் போறேன். என் நெஞ்சு சுத்தமா இருக்கு. பாஸ்போட் படத்துல உன்னைப் பாத்தா என்ன மாதிரிதான் இருக்க. நீ இப்ப பம்ப இழு."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நான் பம்ப்பை எடுத்து இழுத்தேன். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு தடவை. கால் மணி நேரத்தில் நாலு எண்ண முடிந்தது. அந்த சுகத்தை எப்படிச் சொல்வது. உயிர் திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. அதற்கு என்ன விலை என்று நான் அப்போது யோசிக்கவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன.

திங்கள் காலை அவளுக்கு என் புடவையைக் கட்டிவிட்டேன். டாக்டர் நம்ம ஆள், கழுத்தைப் பார்ப்பார் என்றார் என் கணவர். கல்யாணம் ஆகாத பெண் வகிட்டில் நானே குங்குமம் வைத்தேன். பிறகு என் தாலியைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டேன். கட்டியவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ண மூடிக்கக்கா, பாக்காத," என்று தங்கை சிரித்தாள். மகளிடம் அங்கே போய் மௌசி, சித்தி என்று கூப்பிடக் கூடாது, அம்மா என்று கூப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தோம். மூன்று பேரும் குடும்பமாக மழையில் நடந்து போனார்கள். நான் வெறும் கழுத்தோடு அந்தப் பூஞ்சண அறையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணிக்குத் திரும்பி வந்தார்கள். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை, மூத்திரம் கொடுத்தாச்சு, எக்ஸ்ரே எடுத்தாச்சு. தங்கை தாலியைக் கழற்றிக் கண்ணில் ஒற்றி என்னிடம் கொடுத்தாள்.

பத்து நாளில் கடிதம் வந்தது, என் பெயருக்கு. வலது நுரையீரலின் மேல் பகுதியில் நிழல் தெரிகிறது, காசநோயாக இருக்கலாம், மறுபடியும் எக்ஸ்ரேவும் சளிப் பரிசோதனையும் செய்ய வேண்டும், அதுவரை குடும்பத்தின் விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படும். மூன்று வாரம் கழித்து ஒரு தேதி போட்டிருந்தார்கள்.

எனக்கு எங்கே காசநோய், பொய் எழுதியிருக்கிறான் என்று முதலில் அந்த டாக்டரைத் திட்டினேன். முழுதாக ஒரு நிமிடம் திட்டியிருப்பேன். அதற்குப் பிறகுதான் அது என் நுரையீரல் இல்லை என்று உறைத்தது. சமையலறைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் தோள் எலும்பு புடைத்திருந்ததும், என் ரவிக்கை அவளுக்குத் தொளதொளத்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. நான் அதற்கு ஊசி குத்தி இறுக்கிவிட்டிருந்தேன்.

என் கணவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். அவர் முகம் தெளிந்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"இது நல்லதுதான்," என்றார். "இந்த தடவ நீயே போ. உனக்கு நெழல் இல்ல. சுத்தம்னு எழுதிடுவான்."

"அவளுக்கு?"

"மொதல்ல பேபர் முடியட்டும். இப்ப சொன்னா ஆஸ்பத்திரிக்கு ஓடுவா. அங்க படம் எடுத்தா, இத எங்கயோ பாத்திருக்கமேன்னு கேப்பான். மூணு வாரந்தான். மூணு வாரத்துல ஒண்ணும் ஆயிடாது."

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். நான் அவளுக்குக் கடிதம் எழுதினேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடம் படித்த தமிழில், உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்று எழுதினேன். கவரில் போட்டு ஒட்டினேன். அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தேன். என்னைத் தபால் நிலையத்துக்குப் போக விடாமல் யாரும் கட்டிப் போடவில்லை. தினமும் மில் சங்கு ஊதும்போது இன்றைக்குப் போட்டுவிட வேண்டும் என்று நினைப்பேன். அன்றைய சாம்பலைப் பெருக்கி முடிப்பதற்குள் நாளைக்கு என்று ஆகிவிடும்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் அதே பஸ், அதே ரோடு. இந்தத் தடவை மூன்று பேரும் புதன்கிழமை போனோம். சோதனை வியாழன் காலை. அவர் மறுபடியும் பூட்டி வைத்த தகரப் பெட்டியை, அவரிடமே சாவி வாங்கித் திறந்து பம்ப்பை எடுத்துக்கொண்டேன். மூத்திரம் எப்படிப் போனாலும் போகட்டும் என்றேன். பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே இரண்டு இழுப்பு இழுத்துவிட்டேன். டிரைவருக்குப் பின்சீட்டில், புழுதி குறைவாக வருகிற இடத்தில் உட்கார்ந்தேன். ஈரத் துண்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். முந்தின நாள் மழை பெய்து ரோடு படிந்திருந்தது. மலை ஏறும்போது நெஞ்சு லேசாக விசில் அடித்தது, இன்னும் ஒரு இழுப்பு, அடங்கிவிட்டது. ஐந்து மணி நேரப் பயணத்தில் வெளியே ஆற்றையும் மூங்கில் காட்டையும் பார்த்துக்கொண்டு வந்தேன். முன்னால் போனபோது அப்படி ஒரு ஆறு இருந்ததே எனக்குத் தெரியாது. இவ்வளவு சுலபமான காரியத்துக்கா அவ்வளவும் செய்தோம் என்று நினைத்தேன்.

தங்கை எங்களுக்காக மீன் குழம்பு வைத்திருந்தாள். சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்திருந்தாள். கொசுவத்திக்குப் பதில் புதிதாக ஒரு கொசுவலை வாங்கியிருந்தாள். எனக்காக. படம் சரியாக விழவில்லை, மறுபடியும் எடுக்கச் சொல்கிறார்கள் என்று சொன்னோம், நம்பினாள். "நான் வேணும்னா மறுபடி போறேங்க்கா," என்றாள். வேண்டாம் என்றேன். இரண்டு தடவை இருமினாள். துணிப் பஞ்சு என்றாள். மகள் வழக்கம்போல அவள் பாயில் ஏறிப் படுத்துக்கொண்டாள், கதை கேட்க.

டாக்டர் நம்மவர்தான், வயதானவர். சுவரில் சான்றிதழ்கள் மாட்டியிருந்த இடங்கள் வெளுத்துச் சதுரம் சதுரமாகத் தெரிந்தன. அவரும் பேபர் போட்டிருப்பார் போல. குழாயை என் முதுகில் வைத்தார். மறைக்க முடியாது, விசில் இருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"ஆஸ்துமா எத்தனை வருஷமாக?" என்று இந்தியில் கேட்டார்.

"சின்ன வயசிலிருந்து."

"மருந்து?"

ரவிக்கைக்குள்ளிருந்து பம்ப்பை எடுத்துக் காட்டினேன். "நல்லது, விடாமல் எடுத்துக்கொள்," என்று சொல்லிவிட்டுத் தாளில் எழுதினார்.

"இதுக்காக எங்கள நிறுத்த மாட்டாங்களா?"

"இதற்கா? எதற்கு நிறுத்த வேண்டும்?" என்றார்.

எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. அழவில்லை. புதிய எக்ஸ்ரே ஈரமாக வந்தது. பழையதையும் எடுத்து விளக்குப் பெட்டியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். வெகு நேரம் பார்த்தார். பிறகு என் கழுத்தெலும்பைப் பார்த்தார். என் கண்ணைப் பார்த்தார்.

"உன் நெஞ்சு சுத்தமாக இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்," என்றார். பழைய படத்தில் விரலை வைத்தார். "இந்தப் பெண் யார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் இவள் இந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இது தொற்றுகிற நோய். இவளோடு ஒரே அறையில் யாரும் படுக்கக் கூடாது. குறிப்பாகக் குழந்தைகள்."

வெளியே பெஞ்சில் என் கணவரும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். பாஸா என்று அவர் கண்ணாலேயே கேட்டார். நான் அவரைத் தாண்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். தையல் கடை வரை அரை மைல், மேட்டில். நிற்காமல் ஏறினேன். அன்றைக்கு எனக்கு இழுப்பு வரவில்லை. வந்திருந்தால் நல்லது என்று இருந்தது.

அவள் மெஷினை விட்டு எழுந்து கடைக்குப் பின்னால் வந்தாள். "என்னாச்சுக்கா, பாஸா?" என்று சிரித்தாள். ஆச்சு என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே சொன்னேன். நிழல், காசநோய், முதல் படம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவள் என் கையை விட்டாள். ஒரு அடி பின்னால் போனாள். தன் சேலைத் தலைப்பை எடுத்து வாயை மூடிக்கொண்டாள்.

"லெட்டரு எப்ப வந்துச்சு?"

"மூணு வாரம் ஆச்சு."

தனக்கு என்ன ஆகும் என்று கேட்பாள், என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் தாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன்.

"அப்ப தெரிஞ்சேதான் நேத்து பாப்பாவ எம்பக்கத்துல படுக்க வுட்டியா?" என்றாள்.

அவள் அன்றைக்கே தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். நான் கூட வரக் கூடாது என்றாள், குழந்தையை அந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது என்றாள். பல மாதம் உள்ளே இருந்தாள், குணமானாள். என் மகளுக்கும் ஒன்றும் வரவில்லை. தங்கை வார்டில் இருக்கும்போதே எங்களுக்கு விசா வந்து, நாங்கள் நாடி விமான நிலையத்திலிருந்து கிளம்பினோம். வான்கூவருக்கு அவள் வருடா வருடம் எழுதுகிறாள். குளிருக்கு உனக்கு இழுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்பாள், பாப்பா என்ன படிக்கிறாள் என்று கேட்பாள். தையல் கடைக்குப் பின்னால் கேட்ட அந்தக் கேள்வியை மட்டும் மறுபடியும் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் தேவலை.